விசாரணை மண்டபத்தில் மைக்கக்கா பேசியது

மைக்கக்கா பேசத் தொடங்கிய ஒன்பதாவது நிமிடத்தில், விசாரணை மண்டபத்தில் கூடியிருந்த தெருக்காரர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தார்கள். முடிவு சொல்ல வேண்டிய மூன்று அதிகாரிகளின் கால்கள் மட்டும் மேசைக்கடியில் பதிந்தபடியே இருந்தன.

அவள் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்பவள்; அந்தப் பெயர் அதனால் வந்தது. ஜன்னலில்லாத ஓர் அறையில் பத்தொன்பது வருடங்களாக, கேட்பவர் முகம் பார்க்காமலே பேசி வந்தாள். நிலையத்துக்குப் பின்னால் அவளுடைய தெருவில் நாற்பத்தொரு வீடுகள். அவற்றை இடித்துப் புதுச் சாலை போடப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் தெரு சார்பில் ஒருவர் வந்து பேசலாம் என்றும் அதில் இருந்தது. தெருவே அவளைக் கைகாட்டியது. பத்து நாள் விடுப்பு எடுத்து வீடு வீடாகப் போய்க் கதை கேட்டாள். மழையில் வண்டி வராமல் வாசற்படியிலேயே இரட்டைப் பிள்ளை பெற்றவள், காணாமல் போன மகன் திரும்பி வந்தால் வீடு தெரியாமல் திண்டாடக் கூடாதென்று பன்னிரண்டு வருடமாகக் கதவுக்குப் பெயிண்ட் மாற்றாத பூட்டு ரிப்பேர்க்காரர், எல்லாரும் அவள் எழுதிய பேச்சின் பன்னிரண்டு பக்கங்களுக்குள் வந்தார்கள். தையல்காரர் கடையில் ஒத்திகை பார்த்த அன்று அழாதவர் இல்லை.

நாத்தனாருக்கு மட்டும் திருப்தியில்லை. கணவரின் தங்கையான அவளும் அதே தெருதான்; அந்த அதிகாரிகளின் அலுவலகத்தில்தான் பதினோரு வருடமாகக் கூட்டிப் பெருக்கித் தேநீர் கொடுக்கிறாள்.

“அண்ணி, தலைவருக்கு இடது காது சுத்தமா கேக்காது, வலது பக்கமா நின்னு பேசுங்க. ரெண்டாவது ஆளு நாலு மணியானா கிளம்பிடுவாரு. அந்த மேடம் பேச்சையே நம்பமாட்டாங்க, பேப்பர்ல படம் போட்டுக் காட்டணும். பின்னாடி பழைய கிடங்கு சும்மாத்தானே கெடக்கு? ரோடு அது வழியா போகலாம்னு ஒரு படம் வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க.”

“அவங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல?”

“இருக்கும். ஆனா அத ஆபீசுக்குக் கொண்டுவர மாட்டாங்க.”

மைக்கக்கா சிரித்துவிட்டாள். நாற்பத்தொரு வீட்டை ஒரு தாளில் எப்படி அடைப்பது என்று அவளுக்குத் தோன்றியது.

விசாரணை அன்று மைக் தலைவரின் இடது பக்கத்தில் இருந்தது. அவள் அங்கேயே நின்று பேசினாள். பூட்டு ரிப்பேர்க்காரரின் கதவுக்கு வந்தபோது ஜனங்கள் நாற்காலிகளை விட்டு மெல்ல எழும்பினார்கள். கடைசி வரிசையில் யாரோ விம்மினார்கள். தலைவர் நிமிர்ந்து பார்த்து, “உட்காருங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது” என்றார். பேச்சு முடிந்ததும் மேடம், “மாற்று வழிக்கு வரைபடம் ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்று மரியாதையாகவே கேட்டார். மைக்கக்கா தன் பன்னிரண்டு பக்கங்களையும் ஒருமுறை புரட்டினாள். நாலு மணியானதும் இரண்டாமவர் பேனாவை மூடினார்.

பதினேழாம் நாள் உத்தரவு வந்தது. இடிக்க இரண்டு நாள் பிடித்தது. உயர்ந்தவர்கள் ஒரு சாண் மேலிருந்தே அதைப் பார்த்தார்கள், பிறகும் இறங்கவில்லை. ஊரின் மறுகோடியில் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவு நிலை தலையில் இடித்ததால் தச்சர்கள் வந்து ஏற்றி வைத்தார்கள். செருப்பு தேயவில்லை, சிலருக்கு முழங்கால் வலி குறைந்தது. வேறு நன்மை எதுவும் பதிவாகவில்லை. பூட்டு ரிப்பேர்க்காரர் பழைய கதவைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். புது வீட்டு அளவுக்கு அது பொருந்தாததால் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அடுத்த வருடமே இறந்துபோனார். பேசியவள் என்பதால் மைக்கக்கா மட்டும் தரையிலேயே நடந்தாள்.

அன்று தேநீர்த் தட்டோடு மண்டபத்து ஓரத்தில் நின்றிருந்த நாத்தனாரும் உயர்ந்தவர்களில் ஒருத்தி. ஆறு வருடம் கழித்து, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான் மைக்கக்கா அவளிடம் அதைக் கேட்டாள்.

“இது எடுபடாதுன்னு உனக்குத்தான் தெரியுமே. நீ ஏன்டி எழும்பின?”

“நல்லா இருந்துச்சு அண்ணி. எங்களுக்குன்னு ஒருத்தர் பேசி நான் கேட்டதே இல்ல.”

அந்த மாடியில் எல்லாத் துணிக்கொடிகளும் உயரத்தில்தான் கட்டப்பட்டிருந்தன. மைக்கக்கா ஈரத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து மேலே நீட்டினாள். நாத்தனார் வாங்கி உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.