எம்.எம்.மா, எம்.சி.யா?

"எம்.எம்.மா, எம்.சி.யாக்கா?" என்று கடைக்காரர் மறுபடியும் கேட்டார்.

சாயிரா பானு கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். கண்ணாடி மேசைமேல் மூன்று சின்னப் பெட்டிகள் இருந்தன. மூன்றும் சோப்புப் பெட்டி அளவுதான். 'போனோ ஸ்டேஜ்' என்ற பெயரை பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயிலில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அதற்குமேல் ஒரு கேள்வி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஏதாவது ஒண்ணு குடுங்களேன்" என்றாள்.

தங்கராஜு என்று சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்த அந்த ஆள் தலையசைத்தார். "அப்படிக் குடுக்க முடியாதுக்கா. ஊசி ரெண்டு வகை லா. உங்க டர்ன்டேபிள்ல எது இருக்குன்னு தெரியணும். தப்பா எடுத்துட்டுப் போனீங்கன்னா சவுண்டு சரியா வராது. வீட்டுல யாரு செலக்ட் பண்ணது?"

"என் வீட்டுக்காரர்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க."

ஜலாலுதீனுக்குத் தெரியாமல் இருக்குமா? மின்தூக்கி பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் இரண்டு வருடங்களாக, இசைத்தட்டு ஓட்டும் கருவி ஒன்றைத் தேடுவதே அவருக்கு வேலை. பெல்ட்டில் ஓடுவதா, மோட்டாரில் நேராக ஓடுவதா என்று கடை கடையாகப் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்.

"என்ன வாப்பா, பொண்ணு பாக்கப் போற மாதிரி போறீங்க. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுட்டு வேணாம்னு வந்துடுறீங்க" என்று மகள் யும்னா கேலி செய்வாள்.

"உங்க உம்மாவ ஒரே தடவை பாத்துட்டு சரின்னேன். அந்த அவசரம் ஒரு ஆயுசுக்குப் போதும்மா."

கருவி வாங்குவதற்கு முன்பே சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய கடையில் நாகஸ்வர இசைத்தட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதைத் துடைப்பார், உறையில் போடுவார், அவ்வளவுதான். வயிற்றில் வந்த நோய் அவரைப் போல நிதானமாக முடிவெடுக்கவில்லை. மருத்துவமனையில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். கூடத்தில் கட்டில் போட்டாயிற்று.

யும்னாதான் அவர் கடைசியாகக் காட்டிய கருவியை வரவழைத்தாள். இன்று காலை வந்தது. பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து ஊசியை வைத்தாள். நாகஸ்வரம் கொசு போலக் கேட்டது. எவ்வளவு திருகியும் இரைச்சல்தான் கூடியது.

ஜலாலுதீன் கண்ணை மூடிச் சிரித்தார். "போனோ ஸ்டேஜ் வாங்கலயா? எத்தன தடவ சொன்னேன். சின்னப் பெட்டி. அது இல்லாட்டி கொசுதான்."

சாயிரா உடனே கைப்பையை எடுத்தாள். மருந்து ஊசி போட யும்னா கற்றுக்கொண்டிருந்தாள். சாயிராவால் அதைப் பார்க்கவும் முடியவில்லை. ஒரு பெட்டி வாங்கி வர முடியும்.

இப்போது கைப்பேசியில் யும்னாவை அழைத்தாள். நீண்ட நேரம் மணி அடித்தது.

"உம்மா?" யும்னா மெதுவாகப் பேசினாள்.

"வாப்பாகிட்ட கேளு. எம்.எம்.மா எம்.சி.யான்னு. கடைல நிக்கிறேன்."

அந்தப் பக்கம் யும்னா கேட்பது கேட்டது. பிறகு அவர் குரல், எதிர்பாராத தெளிவோடு.

"எம்.எம்.மாம் உம்மா. வெரசா வாங்க" என்றாள் யும்னா.

தங்கராஜு ஒரு பெட்டியின் பின்பக்கம் இருந்த குட்டி விசையைப் பேனா முனையால் தள்ளி, எம்.எம். பக்கம் வைத்துக் கொடுத்தார். "அங்கிளை எதையும் தொட வேணாம்னு சொல்லுங்க. செட் பண்ணிட்டேன்."

ரயில் பிடோக்கை விட்டுக் கிளம்பும்போது யும்னா அழைத்தாள். "உம்மா" என்றாள். அதற்குமேல் அழுகைதான் கேட்டது. சாயிரா கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். எழுந்து கதவருகே போய் நின்றாள். அடுத்த நிலையத்தில் கதவு திறந்தது, மூடியது. அதற்கடுத்த நிலையத்திலும் திறந்தது, மூடியது. எதிரில் ஒரு சீனப் பாட்டி தன் பக்கத்து இருக்கையைக் காட்டினாள். சாயிரா நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் அவருக்குத் தாடையைக் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அவருடைய அண்ணன் இப்ராஹீம் தலைமாட்டில் இருந்தார்.

யும்னா அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க போனதும் மூச்சு மாறிடுச்சும்மா. பெரியவாப்பா வந்து காதுல 'லா இலாஹ இல்லல்லாஹு'ன்னு கலிமா சொல்லிக் குடுத்தாங்க. வாப்பாவும் சொன்னாங்க, நல்லா சொன்னாங்க. இனிமே யாரும் பேச்சுக் குடுக்காதீங்க, இதுவே கடைசி வார்த்தையா இருக்கட்டும்னு சொல்லிட்டு பெரியவாப்பா கை கால் கழுவி ஒளு செய்யப் போனாங்க. அப்பதான் நீங்க போன் பண்ணீங்க..."

சாயிரா அடுப்பைப் பார்த்தாள்.

"நான் யோசிக்கவே இல்லம்மா. கேட்டுட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணும் சொல்லல. பெரியவாப்பா திரும்பி வர்றதுக்குள்ள..."

"அவங்ககிட்ட சொன்னியா?"

யும்னா இல்லையென்று தலையசைத்தாள்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எதிர் வீட்டு ஷமீமா சாயிராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கலிமாவோட போனாங்களா லாத்தா?" என்று கேட்டாள்.

சாயிரா வாயைத் திறப்பதற்குள் இப்ராஹீம் அங்கிருந்தே பதில் சொன்னார். "என் காதால கேட்டேம்மா. அதான் அவன் கடைசி வார்த்தை. அல்ஹம்துலில்லாஹ். யாருக்குக் கிடைக்கும்?" அழுகைக்கு நடுவே அவர் முகம் மலர்ந்திருந்தது. பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் யும்னா தாயைப் பார்த்தாள். சாயிரா தரையைப் பார்த்தாள்.

குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கொஞ்ச நேரம் ஓதிவிட்டு எழுந்தார்கள். ஓதிய யாசீன் கிதாபுகளை யாரோ மூலையில் இருந்த இசைத்தட்டுக் கருவியின் மூடிமேல் அடுக்கியிருந்தார்கள். கட்டிலில் படுத்தபடியே அவர் பார்க்கும்படி யும்னா வைத்திருந்த இடம் அது.

சாயிரா கிதாபுகளை இரண்டு கையாலும் எடுத்து அலமாரியில் வைத்தாள். கண்ணாடி மூடிக்குள் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி ஓரமாகத் தன் கொக்கியில் இருந்தது.

"காலைலேர்ந்தா?" என்றாள்.

"ஊசியை மட்டும் எடுக்கச் சொன்னாங்க" என்றாள் யும்னா. "தட்டை நிறுத்த வேணாம், உம்மா இப்ப வந்துடுவான்னாங்க." விசையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்."

சாயிரா கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். பின்பக்கம் திருப்பி, குட்டி விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்தாள். பிறகு இசைத்தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, எந்த வயரை எதில் மாட்டுவது என்று தெரியாமல், காலியாக இருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.