தாழங்காட்டில் வாய் திறந்தவன்

மலைத்தாழை மரத்தின் உச்சியில் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கியது. விழவில்லை. விழுந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சியிருக்கும். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, தாழை குத்துது" என்று ஊர்ப்பேச்சில் அலறினேன். கீழே நின்றிருந்த மச்சினன் கிராபே அரிவாளைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

காய் பறிக்கும் காலத்தில் அந்தக் காட்டுக்குள் ஊர்ப்பேச்சு கூடாது. தாழையைத் தாழை என்றால் காய்க்குள் இருக்கும் பருப்பு தண்ணீராகிவிடும். மழையை மழை என்றால் வந்துவிடும். அதனால் காட்டுக்கென்று தனிப்பேச்சு. அதில் பன்றி 'மண்கிளறி', வீடு 'மறைப்பு', நாய் வெறும் 'மோப்பம்'. அலறியது நான்தான் என்பதை மறைக்கவும் வழியில்லை. எங்கள் மொழியில் சில எழுத்துகளுக்கு முன்னால் மூக்கு ஒருமுறை முனகிக்கொள்ளும். என் மூக்கு பெரிது. அடுத்த முகட்டில் இருந்தவர்கள்கூட என் பெயரைச் சொல்லித் திட்டினார்களாம்.

சொல்லிவைத்ததுபோல் மூடுபனி இறங்கியது. அதற்குப் பிறகு உடைத்த காயெல்லாம் சப்பென்று இருந்தது.

"முதல்ல அந்த வாயைக் கீழ இறக்கு மச்சான், காய் அப்புறம் இறங்கட்டும்" என்றான் கிராபே, காட்டுப்பேச்சில்.

நான் காய்க்காக அங்கே போகவில்லை. என் மனைவி ரோபாமே கோபித்துக்கொண்டு அண்ணன் கிராபே வீட்டுக்குப் போயிருந்தாள். மார்பில் அணைத்து அவள் வளர்த்த பன்றியை, ஒரு வார்த்தை கேட்காமல், என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டேன். விருந்தில் எல்லாரும் என்னைத் தாராள மனசுக்காரன் என்று புகழ்ந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. அவள் குடும்பத்தோடு காடேறி, மாடாய் உழைத்து, அவளைத் திரும்பக் கூட்டிவருவது என் திட்டம். உழைப்பின் லட்சணம்தான் மேலே சொன்னது.

வருவாளா என்று கிராபேயிடம் கேட்டேன். மேகத்தைப் பார்த்து, அது என்ன நினைக்கிறதோ என்றான். அவன் பெண்டாட்டியிடம் கேட்டேன். விறகு ஈரமாக இருக்கிறது என்றாள்.

ரோபாமேயிடமே பேசிவிடலாம் என்று, காட்டுக் குடிசையில் அவள் கிழங்கு சுடும் அடுப்புக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். காட்டுப்பேச்சில் இருப்பதே கொஞ்சம் சொற்கள். மன்னிப்பு என்று ஒன்று அதில் கிடையாது. காய் பறிக்க அது எதற்கு? ஆனால் சொற்கள் மாறினாலும் அவற்றின் வால்கள், அதாவது விகுதிகள், ஊரில் உள்ளவைதான். வினைகளைக் கோத்துக்கொண்டே போகலாம், கடைசி வினையில்தான் விஷயம் உடையும். இதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"மண்கிளறியை நான் கொடுத்து, நீ நடந்து, மறைப்புல சூடு அணைஞ்சு, நான் தனியா உட்கார்ந்து..."

எங்கள் மொழியில் அடுத்த வேலையை வேறு ஆள் செய்யப்போகிறார் என்றால், அதை முந்தின வினையின் வாலிலேயே காட்டிவிட வேண்டும். நான் காட்டிவிட்டேன். இனி வரும் வினை அவளுடையது என்று குடிசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. நாய்கூட என்னைப் பார்த்தது. 'வா' என்று ஒரே எழுத்து. அது மட்டும்தான் பாக்கி.

"...நீ கிழங்கைத் திருப்பு" என்று முடித்தேன்.

அவள் திருப்பினாள். கிராபேயின் பெண்டாட்டி முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். இத்தனை மலை ஏறிவந்தது கிழங்கு திருப்பவா என்று கேட்டாள்.

எல்லாம் இந்தக் காட்டுப்பேச்சால் வந்த வினை, சொற்கள் மட்டும் போதுமான அளவு இருந்தால் பிளந்து கட்டியிருப்பேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். காய்களைப் பைகளில் கட்டி இறங்குகிற நாள் வரை அந்த ஆறுதலில்தான் ஓடியது.

இறங்கும் வழியில் ஒரு ஓடை. அதைத் தாண்டினால் ஊர்ப்பேச்சு பேசலாம். கரையேறியதும் ஆளாளுக்கு அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டினார்கள். கிராபேயின் பெண்டாட்டி, தாழை, மழை, நாய் என்று சும்மாவே கத்திப்பார்த்துச் சிரித்தாள். என் கைக்கும் மொத்த மொழியும் திரும்ப வந்துவிட்டது. மன்னிப்பும் அதில் இருந்தது. ரோபாமேயின் பக்கத்தில் போனேன். நெற்றியில் வாரை மாட்டி முதுகில் தொங்கவிட்ட பையின் கனத்தில் அவள் குனிந்து நடந்துகொண்டிருந்தாள்.

"மழை வரும்போல இருக்கு" என்றேன்.

அவள் நின்றாள். பையை இறக்கிவைத்தாள். கிராபே எங்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள்.

"நீ கேட்கமாட்ட. நானே சொல்லிடறேன். இனிமே நான் வளர்க்கிற பன்றியை யாருக்குக் கொடுக்கிறதுன்னு நான்தான் சொல்வேன். கோபம் தீரலை. தீராமலேதான் வரேன்."