இரண்டு விரற்கடை

டமார்.

வான் வண்டிக்குள் தனியே இருந்த நடேசன் கையிலிருந்த தேநீரைத் தொடையில் ஊற்றிக்கொண்டார். வெடித்தது வெளியே அல்ல. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனுக்குள். பின் ரயர் போய்விட்டது என்று அவருடைய காது உடனே சொன்னது. முப்பது வருடமாகச் சைக்கிள் திருத்துகிறவருக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

அடுத்து ஒரு கிறீச். அதற்கடுத்து அவருடைய மனைவியின் குரல்.

"நீர் விழேல்லைத்தானே? அசையாதையும். கையைக் காட்டும் பாப்பம்."

தொடை சுட்டது. நடேசன் துடைக்கவில்லை.

நீராம்!

கலியாணம் கட்டி இருபத்தாறு வருடம். கமலநாயகி அவரை ஒரு நாள்கூட நீர் என்று சொன்னதில்லை. நீங்கள்தான். கோபம் வந்தால் அதுவும் இல்லை, வெறும் 'இஞ்சருங்கோ'. நீர் என்பது யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சும்மா வாயில் வருகிற சொல் அல்ல. நீ என்று இறக்காமல், நீங்கள் என்று எட்டவும் வைக்காமல், பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஆளை இருத்துகிற சொல். புருசன் பெண்சாதிக்குச் சொல்லுவான். கூடப் படித்தவர்கள் சொல்லிக்கொள்வார்கள். காதலிக்கிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

போனின் அந்தப் பக்கம் இருந்தவர் தபோதரன். அடுத்த தரிப்பிடம் எது என்று கேட்க எடுத்தவர், பேசி முடிப்பதற்குள் ரயர் வெடித்துவிட்டது.

கெல்சென்கிர்ச்சனில் இருந்து லைப்சிக் வரை ஐந்து நாள் சைக்கிள் ஓட்டம். வன்னியில் செயற்கைக் கால் செய்து கொடுக்கிற ஒரு சின்ன நிலையத்துக்காக. ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு காசு தருவதாகத் தெரிந்தவர்கள் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஓடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். வழிகாட்டி யூலியா, ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை, அந்தப் பன்னிரண்டில் ஒரே ஜெர்மன்காரி. நடேசன் ஓடவில்லை. பொதிகளையும் சாப்பாட்டையும் சைக்கிள் திருத்துகிற ஆயுதப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வெள்ளை வானில் கூடப் போனார். காலையில் பன்னிரண்டு சைக்கிளையும் பார்த்து அனுப்புவது அவர் பொறுப்பு. குளிர்காலம் முழுக்கக் கமலநாயகி பயிற்சிக்கு வரச் சொல்லிக் கேட்டாள்தான். சைக்கிள் திருத்துகிறவனுக்கு ஏது சைக்கிள் ஓட நேரம் என்று அவர் சனிக்கிழமைகளில் கடையில் இருந்துவிட்டார்.

இரண்டாம் நாளிலேயே இது.

வானைத் திருப்பிக்கொண்டு போனபோது இருவரும் வீதியோரப் புல்லில் இருந்தார்கள். ஹெல்மெட்டுகள் இரண்டும் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. கமலநாயகி தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"குடியுங்கோ. உங்களுக்குக் கை எரியுதோ?"

நடேசன் வான் கதவைச் சாத்திய சத்தத்தில் பக்கத்து வயலில் நின்ற காகம் எழும்பிப் பறந்தது. குடியுங்கோ! உங்களுக்கு! மூன்று கிலோமீட்டருக்கு முன் நீர். புருசனின் வானைக் கண்டதும் நீங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் மாற்றுவானேன்?

"அண்ணை, உங்களுக்குத்தான் கரைச்சல்," என்று தபோதரன் எழும்பினார். ஐம்பத்துமூன்று வயது. பல் கட்டுகிற கூடத்தில் வேலை. மனைவியைப் பிரிந்து நாலு வருடம். அந்த இறுக்கமான கறுப்புக் காற்சட்டை அவருக்குப் பொருந்தியும் இருந்தது. நடேசன் தன்னை அறியாமல் வயிற்றை உள்ளே இழுத்தார்.

"கரைச்சல் இல்லை. நான் வந்ததே இதுக்குத்தானே," என்றார். ரயரை மாற்றினார்.

பின்னேரம் தங்குமிடத்தில் பொதிகளை இறக்கும்போது சும்மா கேட்பது போலக் கேட்டார். "தபோதரனை முந்தியே தெரியுமோ உமக்கு?"

"ஓம். நெல்லியடியில ரியூசனில ஒண்டாப் படிச்சனாங்கள். உங்களுக்குச் சொன்னனான்."

"எப்ப சொன்னீர்?"

"மாசியில. நீங்கள் ஆரோ ஒருத்தற்றை செயினைக் கழுவிக்கொண்டிருந்தியள்."

"எனக்கு ஞாபகம் இல்லை."

"ஞாபகம் இருக்காது. செயின் நல்ல ஊத்தை."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை நடேசன் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். எந்தப் பக்கத்தால் பிரித்தாலும் உள்ளே தபோதரன் இருந்தார். ரியூசன். ஒன்றாக. பதினேழு, பதினெட்டு வயது. அந்த வயதில் ஒரு பெட்டை ஒரு பெடியனை நீர் என்று சொன்னால் அது கணக்குப் பாடத்தோடு நின்றிருக்குமா?

மூன்றாம் நாள் காலை, மற்றவர்கள் பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடேசன் சைக்கிள் கொட்டிலுக்குப் போனார். காற்று, செயின், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினோராவதாக நின்றது தபோதரனுடையது. நீல நிறம். துடைத்து, எண்ணெய் போட்டு, சொந்தக்காரனைப் போலவே மினுங்கிக்கொண்டு நின்றது.

சீற் கம்பியின் ஆணியைத் தளர்த்தினார். ஒரு விரற்கடை இறக்கினார். இறுக்கினார்.

வேறொன்றும் இல்லை. பிரேக்கில் கை வைக்கிற அளவுக்கு அவர் பாவி இல்லை. சீற் ஒரு விரற்கடை இறங்கினால் ஓடுகிறவனுக்குத் தெரியாது. முழங்காலுக்குத் தெரியும். மத்தியானம் தாண்டினால் மிதிக்க மிதிக்க உள்ளே ஊசி குத்தும். கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்லுகிற புத்திமதியே அதுதான்.

செய்து முடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. ஆயுதங்களைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"பன்னிரண்டும் சரியா?" என்று யூலியா கேட்டாள்.

சரி என்று தலையை ஆட்டினார்.

அன்று பின்னேரம் தபோதரன் முழங்காலைத் தடவிக்கொண்டு நொண்டியபடி இறங்கினார். நடேசன் வானுக்குள் இருந்து பார்த்தார். சந்தோசம் ஐந்து நிமிடம் நீடித்தது. ஆறாவது நிமிடம் கமலநாயகி கையில் தைலப் போத்தலோடு வந்து, "இதைப் பூசிப் பாருங்கோ," என்றாள். அது நடேசனின் நாரிப்பிடிப்புக்கு வாங்கிய தைலம்.

நாலாம் நாள் காலை இன்னொரு விரற்கடை இறக்கினார்.

ஆணியை இறுக்கும்போது கொட்டில் கதவடியில் காலடி கேட்டது. நடேசன் விலுக்கென்று நிமிர்ந்தார். யாரும் உள்ளே வரவில்லை. இருந்தாலும் ஆணி இறுக்குகிற சாவியைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு மறுபக்கக் கதவால் வெளியேறினார். முற்றத்தில் யூலியா வழக்கம் போலக் கேட்டாள். வழக்கம் போலத் தலையை ஆட்டினார்.

இரண்டு விரற்கடைக்கு முழங்கால் தாங்குமா? பதினொரு மணிக்கே தாங்கவில்லை. ஹைலிகென்ஸ்டாட் பக்கத்து ஏற்றத்தின் பாதியில் தபோதரன் இறங்கிவிட்டார். முழங்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. சைக்கிள் வானின் பின்பக்கம் ஏறியது. தபோதரன் முன்பக்கம் ஏறினார்.

நடேசன் இதை யோசித்திருக்கவில்லை. மனைவியின் பக்கத்தில் இருந்து எடுத்த ஆளைத் தன் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தியாயிற்று. லைப்சிக் வரைக்கும்.

"பயிற்சியில ஒருநாளும் நொந்ததில்லை அண்ணை," என்றார் தபோதரன், முழங்காலில் ஐஸ் பையை வைத்தபடி. "வயசு போட்டுது போல."

நடேசன் வீதியைப் பார்த்தார்.

"நீங்களும் ஓடியிருக்கலாம். கமலநாயகி கேட்டவவாம். நீங்கள் ஏலாது எண்டிட்டியளாம்."

"எங்கட வீட்டுக் கதை எல்லாம் உமக்குத்தான் சொல்லுறவ போல."

தபோதரன் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "அண்ணை, ஹெல்மெட் போட்டிட்டியளோ?"

"என்ன?"

"உமக்கு எண்டியள். அதுதான் கேட்டனான்." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? பயிற்சிக்குப் போன முதல் நாளே யூலியா சொல்லிப்போட்டா, சைக்கிளில ஏறினா ஜெர்மனில எல்லாரும் 'டூ'தான், மரியாதை வைச்சு 'ஸீ' சொல்லுறது கிடையாது எண்டு. அவசரத்துக்குக் கத்தேக்கை நீட்டிமுழக்க ஏலாதாம். அப்ப எங்களுக்குள்ள பெரிய வழக்கு. டூவுக்குத் தமிழில என்ன? நீ எண்டு அல்பேர்ட் ஐயாவைச் சொல்ல ஏலுமோ? அறுபத்தேழு வயசு மனுசன். கடைசியில கமலநாயகிதான் தீர்ப்புச் சொன்னவ. ஹெல்மெட் போட்டா நீர். கழட்டினா நீங்கள். மாறிச் சொல்லுற ஆள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தோணும்."

நடேசனின் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

"அல்பேர்ட் ஐயாவை அவ, 'நீர் ஓரமாப் போம், காணும்' எண்டு கத்தினா. மனுசன் தேவாலயத்தில எல்லாருக்கும் செபம் சொல்லிக் குடுக்கிறவர். ரெண்டு கிழமையா அவவோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை."

பன்னிரண்டு பேருக்கும் நீர். கிழவருக்கும் நீர். புல்லில் கவிழ்ந்து கிடந்த இரண்டு ஹெல்மெட்டுகளும் நடேசனின் கண்ணுக்கு முன் வந்து நின்றன. வெட்கம் காது வரைக்கும் ஏறியது. சொல்லிவிடலாமா? அண்ணன் தம்பி போல மன்னிப்புக் கேட்டுவிடலாமா? வாயைத் திறந்தார்.

தபோதரன் முந்திக்கொண்டார். "ஆனா அண்ணை, உங்கட மனுசி வலு கெட்டிக்காரி. ஏற்றத்தில எங்களையெல்லாம் வெட்டிக்கொண்டு போவா. இறக்கத்துக்குத்தான் பயம். மேல இருந்து கீழ மட்டும் பிரேக்கை விடாமப் பிடிச்சுக்கொண்டே வருவா. எத்தினை தரம் சொல்லிப்போட்டன், விட்டு விட்டுப் பிடியும் எண்டு."

நடேசன் வாயை மூடினார். மறுபடி அதே எரிச்சல் மேலே வந்தது. இருபத்தாறு வருடத்தில் தனக்குத் தெரியாத ஒன்று, ஒரு குளிர்காலத்தில் இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு இறக்கம் என்றால் பயம். அவள் பிரேக்கை விடமாட்டாள்.

எரிச்சல் பாதியிலேயே நின்றது.

பிரேக்கை விடமாட்டாள். கமலநாயகியின் சைக்கிள் பழைய பாணி. ரப்பர்க் கட்டைகள் வளையத்தைப் பிடிக்கிற பிரேக். இரண்டு நாளாக மலை. இரண்டு நாளாக இறக்கம். அந்தக் கட்டைகளைக் கடைசியாக எப்போது பார்த்தார்? நேற்று? இல்லை. இன்று? தபோதரனின் சீற், அதற்கு அடுத்ததாக நின்ற அவளுடைய சைக்கிள்...

"இந்த ஏற்றத்துக்கு அங்கால என்ன?"

"இறக்கம்தான். நல்ல நீள இறக்கம். ஏன் அண்ணை?"

நடேசன் அக்சிலேட்டரை மிதித்தார். போனை எடுத்துக் கமலநாயகிக்கு அழைக்கச் சொன்னார். தபோதரன் அழைத்தார். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். உச்சியைத் தாண்டி வான் கீழ்நோக்கித் திரும்பியபோது போன் தானாக அலறியது. யூலியா.

"வான் எங்கே? உன் மனைவி விழுந்துவிட்டாள்."

முந்நூறு மீட்டர் கீழே, வளைவில், எல்லாரும் வட்டமாக நின்றார்கள். நடேசன் இறங்கி ஓடினார். பாதி வழியில்தான் கையில் இருப்பது ஆயுதப்பெட்டி, மருந்துப் பெட்டி அல்ல என்று கண்டார். மருந்துப் பெட்டியைத் தபோதரன் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திப் பின்னால் வந்தார்.

கமலநாயகி வேலியில் சாய்ந்து இருந்தாள். முழங்கை உரிந்திருந்தது. கன்னத்தில் மண். கழட்டி மடியில் வைத்திருந்த ஹெல்மெட் ஒரு பக்கம் வெடித்திருந்தது. நல்லகாலம், வளைவில் வெட்டிப் போட்டிருந்த வைக்கோல் கட்டொன்றில் சைக்கிளை விட்டிருந்தாள்.

"எலும்பு ஒண்டும் முறியேல்லை," என்றாள் தபோதரனிடம். "நீங்கள் ஏன் அந்தக் காலோட ஓடி வாறியள்?"

நடேசன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். குனிந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. முன் பிரேக்கில் ரப்பர் தேய்ந்து முடிந்து, கட்டையின் இரும்பு சக்கரத்தின் வளையத்தைக் கீறியிருந்தது. பின்னால் ஒரு பக்கத்துக் கட்டையையே காணவில்லை. மாற்றுவதற்கு இரண்டு நிமிடம் போதும். கட்டைகள் ஆயுதப்பெட்டியில் மேல் தட்டிலேயே இருந்தன.

யூலியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "காலையில் பன்னிரண்டும் சரி என்றாய்."

"அண்ணை எல்லாம் பாக்கிறவர்தான்," என்று தபோதரன் இடையில் புகுந்தார். "இறக்கத்தில கட்டை தேயும். ஒருத்தற்றை பிழையும் இல்லை."

தன் சீற்றை இறக்கியவனுக்காக வக்காலத்து வாங்குகிற அந்த மனிதரை நடேசனால் பார்க்க முடியவில்லை. மருந்துப் பஞ்சை எடுத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் குந்தினார். முழங்கையைப் பிடித்தார்.

"கமலா," என்றார் தாழ்ந்த குரலில். "நான் நேற்றும் இண்டைக்கும்... நீர் அந்தாளோட கதைச்ச விதம்... நான் வேற மாதிரி நினைச்சு..."

"தபோதரன்ரை சீற்றை இறக்கினியள். முழங்காலைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கினது."

"ஆர் சொன்னது?"

கமலநாயகி முழங்கையை அவர் பிடியில் இருந்து மெல்ல இழுத்துக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"காலமை கதவடியில நிண்டது நான்தான், அவரின்ரை சைக்கிளை முடிச்சுப்போட்டு அடுத்ததா என்ரைக்கு வருவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."