சின்ன நிலவுக்காக நடந்த போர்

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம், திண்டிவனத்திலிருந்து காலை ஏழேகாலுக்குக் கோரிமேடு வந்து சேரும் பஸ்ஸிலிருந்து ஈரவை நாட்டுப் போர்வீரர்கள் மூன்று பேரும் மாகோட்டு நாட்டுப் போர்வீரர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஐந்து பேருக்கும் அம்புக் காயம். கிளியனூர் தாண்டி, நிறுத்தமே இல்லாத ஓர் இடத்தில், பனிமூட்டத்துக்குள் வரிசையாக நின்று கை காட்டினார்கள் என்றும், கை காட்டியவர்களை விட்டுவிட்டு வந்து பழக்கமில்லாததால் விசில் கொடுத்ததாகவும் கண்டக்டர் கலியமூர்த்தி பிறகு போலீஸில் சொன்னார். வேல்களை மேலே பை வைக்கும் கம்பியில் வைத்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். போலீஸ்காரர் ஊர் என்ற இடத்தில் வெளியூர் என்று எழுதிக்கொண்டார்.

பஸ் நின்ற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது கன்னியர் மடத்து ஆஸ்பத்திரி. முப்பது கட்டில், ஒரு டாக்டர், ஆண்கள் வார்டுக்கு நர்ஸ் அமுதவல்லி. அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவள், அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கணவன் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அம்பை எந்தப் பக்கம் இழுத்தால் சதை கிழியாது என்பதை அவள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள். அன்று முதல் வாரத்துக்கு நாலைந்து பேராவது வந்தார்கள். இரண்டு வாரம் படுத்திருந்தால் எல்லோருக்கும் இந்த ஊர்த் தமிழ் வந்துவிடும். அப்படித்தான் விஷயம் தெரிந்தது. அவர்களுடைய வானத்தில் நிலவு இரண்டு. பெரிய நிலவு பொது. சின்ன நிலவு எந்த நாட்டு மலையிலிருந்து எழுகிறது என்பதில் தகராறு வந்து, இருநூற்றுப் பதினோரு வருஷமாகச் சண்டை நடக்கிறது. கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கடல் தாண்டி எங்கேயோ யாருக்கோ நடந்த போருக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் போய், பதக்கமாகவும் படமாகவும் திரும்பி வந்தவர்களின் வீடு இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு உண்டு. சண்டை எதற்கு என்று அந்த வீடுகளிலும் யாருக்கும் சரியாகத் தெரியாது.

இரண்டு நாடுகளையும் ஆண்ட அரசிகள் ஒரு சட்டத்துக்கு மட்டும் கட்டுப்பட்டார்கள். காயம்பட்டவனை எந்த அரசியும் களத்துக்கு அழைக்கக் கூடாது. குணமாகிவிட்டான் என்று வைத்தியம் பார்த்தவர் எழுதிக் கொடுத்த அன்றே அவன் திரும்பிப் போயாக வேண்டும். ஆஸ்பத்திரி சீட்டில் ஊதா மையில் விழும் மடத்து முத்திரையை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. ஆக, ஐந்து வருஷம் அமுதவல்லி தைத்தாள், கட்டினாள், குணமானதும் எழுதினாள், டாக்டர் கையெழுத்துப் போட்டார், சாயங்கால பஸ்ஸில் அவர்கள் போனார்கள். அவள் எழுதியதில் ஒரு வரி பொய் என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குப் பெருமை இருந்தது.

ஈரவைக்காரன் தோரன் அந்த ஐந்து வருஷத்தில் நான்கு முறை வந்தான். முதல் தடவை தோளில் ஏழு தையல், பிறகு முன்கை, பிறகு விலா, நான்காம் முறை தொடையில் பதினோரு தையல். தன் ஊரில் கூரை வேய்கிறவன். வார்டு ஓட்டில் ஒழுகிய இடத்தையெல்லாம் ஒற்றைக் கையாலேயே சரிபண்ணிக் கொடுத்தான். பக்கத்துக் கட்டில் மாகோட்டுக்காரன் வெலியனும் அவனும் ஒரே தட்டில் இட்லி வைத்துச் சாப்பிடுவார்கள். களத்தில் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று அமுதவல்லி ஒருநாள் கேட்டதற்கு, தட்டிலிருந்த கடைசி இட்லியைத் தோரன் இரண்டாகப் பிய்த்தான். நான்காம் முறை தையல் பிரித்த அன்று தோரன் அவளுடைய மேசைக்கு வந்து நின்றான்.

“அக்கா, இந்தத் தடவ சீட்டு எழுதாதீங்க. காலு இன்னும் வலிக்குதுன்னு போட்டுடுங்க.”

“வலிக்குதா?”

“இல்ல.”

“அப்புறம் எப்பிடிப்பா எழுதறது?”

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை. தன் போர்வையைத் தானே மடித்து வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் போனான்.

ஒன்பதாம் நாள் காலை அதே பஸ் அவன் உடலைக் கொண்டுவந்தது. வேறு எங்கே இறக்குவதென்று தெரியவில்லை என்றார் கலியமூர்த்தி. அமுதவல்லி வெந்நீர் வைத்து, துணி நனைத்துத் துடைத்தாள். தோளில் ஏழு, தொடையில் பதினொன்று, முன்கையிலும் விலாவிலும் அவள் தைத்த தழும்புகள் ஒன்றுகூடப் பிரியாமல் அப்படியே இருந்தன. அம்பு அவற்றுக்குப் பக்கத்தில், நல்ல இடமாகப் பார்த்து நுழைந்திருந்தது. இவ்வளவு நன்றாகத் தைத்தது இதற்குத்தானா என்று அவளுக்குத் தோன்றியது. குளிப்பாட்ட நான் வர்றேன் என்று வெலியன் ஊன்றுகோலோடு வந்து நின்றான். மடத்துக் கல்லறையில் சுவரோரம் இடம் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவள் வெலியனுடைய கட்டைப் பிரித்தாள். முழங்காலில் காயம் மூடி, புதுத்தோல் பளபளவென்று இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, காயம் ஆறவில்லை என்று எழுதினாள்.

மை காய்வதற்குள் வெலியன் முழங்காலைத் தடவிப் பார்த்தான். நகக்கண் அளவுக்குத் தோல் திறந்திருந்தது. இரத்தம் இல்லை, சீழ் இல்லை, வலியும் இல்லை. ஆனால் மூடவும் இல்லை. அன்று வார்டில் இருந்த இருபத்தாறு பேருக்கும் அவள் அப்படியே எழுதினாள், இருபத்தாறு பேருக்கும் அப்படியே ஆயிற்று. டாக்டர் மூன்று வாரம் விதவிதமான களிம்பு போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மடத்துத் தலைவி மதர் பெர்னதெத்துக்குச் செய்தி போயிற்று. அவர் வந்து கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்த்தார்.

“நீ பொய் எழுதறன்னு சொன்னாங்க, அமுதா.”

“எழுதனப்ப பொய்தான் மதர்.”

மதர் கடைசிக் கட்டிலின் போர்வையை இழுத்துச் சரிபண்ணினார். பிறகு, தினமும் கட்டு மாற்ற வேண்டியிருக்குமே, அதற்குத் துணி போதுமா என்று கேட்டுவிட்டுப் போனார். தோரனுடைய தாளை மட்டும் அவள் திருத்தவில்லை. குணமாயிற்று என்றே இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. கட்டில் போதாமல் போனபோது, வெளியே தங்கி காலையில் கட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று மதர் அனுமதி கொடுத்தார். கதிர்காமத்தில் கொத்து வேலைக்கும், அரியாங்குப்பத்தில் வலை பின்னவும், கடைகளில் மூட்டை தூக்கவும் போனார்கள். பஸ் ஓடாத இரண்டாயிரத்து இருபதில், களத்தில் மிச்சமிருந்து காயம்பட்டவர்கள் நடந்தே வந்து, முகக்கவசம் வாங்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெலியன் தையற்கடை ஜாஸ்லினைக் கலியாணம் செய்துகொண்டான். சாதி எது, மதம் எது என்று கேட்ட பெண்வீட்டார் நாடு எது என்று கேட்க மறந்துவிட்டார்கள். ஊர் நினைவு வந்து அழுகிறவர்களும் இருந்தார்கள். அங்கே மனைவியை விட்டுவிட்டு வந்த ஒருவன் சீட்டு கேட்டு மூன்று நாள் அவள் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் எழுதவில்லை. பஸ் திரும்ப ஓடத் தொடங்கியதும் கலியமூர்த்தியிடம் சொல்லி அனுப்பி அந்த மனைவியை வரவழைத்தாள். அவளோடு வேறு நாற்பது பெண்களும் வந்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு தை மாதம் இரண்டு அரசிகளின் தூதர்கள் பஸ்ஸில் ஒரே இருக்கையில் அடுத்தடுத்து உட்கார்ந்து வந்தார்கள். இருநூற்றிருபது வருஷத்தில் இரு நாடுகளும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. களத்தில் இப்போது இரு பக்கமும் ஆளில்லை, கூடாரங்களில் ஆடு கட்டியிருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் எப்போது குணமாவார்கள் என்று கேட்டார்கள். வெலியன் மொழிபெயர்த்தான். அமுதவல்லி கையிலிருந்த கட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“தெரியலைன்னு சொல்லு. நாளைக்கும் கட்டு மாத்த வரச் சொல்லியிருக்கேன்.”

எவ்வளவு காலம் என்று கேட்டார்கள். நான் இருக்கிற வரைக்கும் என்றாள். வயதான தூதர் திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்து தன் காலணியைக் கழற்றி, முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தழும்பைக் காட்டினார். அமுதவல்லி அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். மற்றவர் மட்டும் சாயங்கால பஸ்ஸில் போனார். அதற்குப் பின் அம்பு தைத்து யாரும் வரவில்லை.

போன ஆண்டு அமுதவல்லி பணியிலிருந்து ஓய்வு பெற்றாள். புதிதாக வந்த நர்ஸ் கட்டினால் துணி நிற்கவில்லை, தானாக அவிழ்ந்து விழுந்தது. அதனால் அவர்கள் விடியற்காலையில் பாலம் தாண்டி அரியாங்குப்பத்துக்கு வருகிறார்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வேலைக்குப் போகிறவர்கள் முதலில். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்து மணிக்குள் எல்லோருக்கும் கட்டு மாற்றிவிடுகிறாள். தெருவில் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தில் மட்டும் வண்டிகளை ஓரமாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களும் நிறுத்துகிறார்கள்.