ஒரு வாய் ருசி பார்த்துட்டுப் போங்க

என் வீட்டுக்காரர் எசன்குலின் இடது காலில் ஒரு விரலை வெட்டி எடுத்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. சர்க்கரை நோய். அதற்கு முன்னாலும் அது இருந்தது. நாங்கள்தான் அதை மதிக்கவில்லை. முப்பது வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டிய மனுஷர், இறங்கிய இடத்தில் எல்லாம் ஆட்டுக்கொழுப்பும் பாலாடையுமாகத் தின்று வளர்த்த உடம்பு. அடுத்து காலே போகும், அப்புறம் ஆளே போவார் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

எங்கள் ஊர் டாக்டர் பெரிசாத் என் மகள் வயதுக்காரி. வாயைத் திறந்தால் மட்டும் மாமியார்.

"மாமா, ஆட்டு வால் கொழுப்பு வேணாம், ஜாம் வேணாம். ரொட்டி உள்ளங்கை அளவுதான். தட்டுல பாதி காய்கறி இருக்கணும்."

"காய்கறியா? நான் என்ன ஆடாம்மா?"

"ஆட்டைத்தான் இத்தனை வருஷம் தின்னீங்களே, அது தின்னதையும் கொஞ்சம் தின்னு பாருங்க. காலையில நடங்க. ஓட வேணாம். பேசிக்கிட்டே நடக்க முடியிற வேகம் போதும். கால் விரலை இறுக்காத பூட்ஸ் போடுங்க. மலைப்பக்கம் தனியாப் போகாதீங்க, ஆள் நடமாட்டம் இருக்கிற தெருவிலேயே நடங்க."

வீட்டில் நான் ராணுவம் மாதிரி இருந்தேன். ஜாம் ஜாடிகளைப் பூட்டினேன். முட்டைக்கோசையும் கேரட்டையும் வேகவைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார், பாவம். காலையில் நான் இன்சுலின் ஊசி போட்டதும், கஞ்சி குடித்துவிட்டு நடக்கப் போவார். திரும்பி வரும்போது கன்னம் சிவந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஆனால் ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. பெரிசாத் ஊசி மருந்தின் அளவைக் கூட்டினாள். அப்புறமும் ஏறியது, மறுபடியும் கூட்டினாள். கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, மறைக்காம சொல்லுங்க. வீட்ல என்ன குடுக்கிறீங்க?"

எனக்கு வந்ததே ஆத்திரம். நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்!

மறுநாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். முதல் வாசலிலேயே கல்புபு நின்றுகொண்டிருந்தாள். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்குத் தங்கை மாதிரி.

"அண்ணே, ரொட்டி இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்தேன். ஒரு வாய் ருசி பாத்துட்டுப் போங்க!"

அவ்வளவுதான், மனுஷர் உள்ளே. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச்சில்லை. மேசையில் ரொட்டி இருக்கும்போது வாசலில் போகிறவரைக் கூப்பிடாமல் விட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. கூப்பிட்ட பிறகு தொடாமல் போனால் போகிறவருக்கு ஆகாது. தலைபோகிற அவசரமாக இருந்தாலும் ஒரு துணுக்காவது கிள்ளி வாயில் போட வேண்டும். ஆனால் துணுக்கோடு யார் விட்டார்கள்? ரொட்டி மேல் பாலாடை, பாலாடை மேல் ஜாம், கூட ஒரு கிண்ணம் பால் தேநீர். அடுத்த வாசலிலும் அதே, அதற்கு அடுத்ததிலும் அதே. வாசலுக்கும் வாசலுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அவர் நடந்த நடை.

"நடக்கப் போறீங்களா, விருந்துக்குப் போறீங்களா?" தெருவிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு வீட்லயும் ஒரு வாய்தான்டி."

"தெருவுல எத்தனை வீடு இருக்கு?"

"குடுத்த ரொட்டியத் தள்ளிவிட்டுப் போகச் சொல்றியா? நான் என்ன வளர்ப்பு இல்லாதவனா?"

அவரிடம் பேசிப் பயனில்லை என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். கல்புபுதான் ரொம்பச் சண்டை பிடித்தாள்.

"வாசல்ல போற மனுஷன வெறும் வாயோட அனுப்பச் சொல்றியா அக்கா? என் வீடு விளங்குமா?"

"அவர் காலை வெட்டினா உன் வீட்டுக் காலைக் குடுப்பியா?"

அழுதுவிட்டாள். பிறகு மேசையில் இருந்த ரொட்டியின் மேல் கை வைத்து, "இனிமே குடுத்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் எங்களுக்குச் சத்தியம் கிடையாது. மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் சீக்கிரமே வீடு திரும்பினார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

"கல்புபு என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திக்கிட்டா. தெரு பூரா அப்படித்தான். நான் உசுரோடதான் இருக்கேனா, இல்ல போய்ச் சேந்துட்டேனா?"

அவளிடம் போய்க் கேட்டேன். "பாத்தா கூப்பிடணும் அக்கா. கூப்பிட்டா குடுக்கணும். குடுத்தா சத்தியம் போச்சு. பாக்காம இருந்தாத்தானே முறையும் தப்பாது, சத்தியமும் தப்பாது?" என்றாள். என்ன சாமர்த்தியம் என்று சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயம் பெரிசாத் பயிற்சிக்காகத் தலைநகரம் போயிருந்தாள். ரத்தத்தைச் சோதிக்க ஊரில் வேறு ஆளில்லை. அவள் கூட்டிவைத்த அளவிலேயே நான் தினமும் ஊசி போட்டேன், ஒரு சொட்டுக் குறையாமல். அவருக்குக் கை நடுங்கியது, குளிரிலும் வேர்த்தது. கொழுப்பு கரைகிறது என்று நினைத்தேன். "எனக்கு மனசே இல்லடி" என்று அவர் படுத்துக்கொண்டால், "ஊர் பேசலன்னா கால் நடக்காதா?" என்று எழுப்பி அனுப்பினேன்.

ஒரு காலை கஞ்சியைப் பாதியிலேயே தள்ளிவிட்டுப் போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெகு நேரமாகியும் வராததால் தேடிப் போனேன். கல்புபு வீட்டுச் சுவரோரம் கிடந்தார். தொப்பி தனியாகக் கிடந்தது. தலைமுடியில் பனி உருகாமல் இருந்தது. அல்லா, அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

துக்கத்துக்குப் பெரிசாத் ஓடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, நான் கூட்டின அளவு அத்தனை வீட்டு ரொட்டிக்கும் ஜாமுக்கும் சேத்துப் போட்டது. அதெல்லாம் நின்னு போச்சுன்னு எனக்கு யாருமே சொல்லலையே. சர்க்கரை அடியோட இறங்கியிருக்கும்."

"இறங்கினா என்னடி? இறங்கணும்னுதானே இத்தனை பாடும்?"

"ரொம்ப இறங்கினாலும் ஆளைக் கொன்னுடும் அத்தை. அந்த நேரத்துல வாயில கொஞ்சம் ஜாம் வச்சிருந்தா, ஒரு துண்டு ரொட்டி குடுத்திருந்தா, எழுந்து உக்காந்திருப்பார்."

என் பக்கத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கல்புபுவின் குரல் சட்டென்று நின்றது. என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அன்னிக்கு அண்ணன் என் கதவைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். மேசையில ரொட்டி இருந்துச்சுக்கா. அதனாலதான் நான் திறக்கல."

அவளை அடிக்கக் கையை ஓங்கினேன். அவள் விலகவில்லை, முகத்தைக் கூடத் திருப்பிக்கொள்ளவில்லை. அவளை அடித்துவிட்டு என்னை யாரை விட்டு அடிக்கச் சொல்வேன்? ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. அவள் வீட்டைத் தாண்டாமல் எங்கள் தெருவில் எங்கேயும் போக முடியாது. அவளும் என் வாசலைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும்.