நான்காம் மாடிப் படிக்கட்டு

காவல் நிலையத்துக் கேமராத் திரையில் மாமனார் நடந்துபோய்க்கொண்டிருந்தார். நீலப் பஞ்சுக் கோட்டு. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் மகனின் ஷூ. குடியிருப்பு வாசலைத் தாண்டியதும் பழக்காரியிடம் ஏதோ கேட்டார். அவள் கைகாட்டிய திசைக்கு நேர் எதிராகத் திரும்பினார். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்த யாச்சின், அவர் தலையில் தொப்பி இல்லை என்பதைக் கவனித்தாள். வெளியே ஊசியாகக் குத்தும் குளிர்.

மருந்துக் கடையில் வேலை செய்பவள் அவள். மதியம் மாமனாருக்குச் சோறு போட வீட்டுக்கு வந்தபோது கதவு ஆவென்று திறந்து கிடந்தது. இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் மங்கிக்கொண்டே வருகிறது. கணவன் தேபாவ் பக்கத்து ஊரில் கொதிகலன் பழுதுபார்க்கப் போயிருந்தான். தெருக்களில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கக் காவல் நிலையத்துக்கு ஓடிவந்திருந்தாள்.

"அழாதீங்கக்கா. ஊசி தொலைஞ்சாலே எடுத்துக் குடுப்போம், மனுஷன் எங்க போயிடுவார்?" என்றார் கெங். அவள் மகள் வயதை விடக் கொஞ்சம் கூடுதல் இருக்கும் அந்தப் போலீஸ்காரருக்கு. மேஜையில் பாதி குடித்த சோயாப் பால். ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு, தெரு தெருவாக மாமனாரைக் கைப்பிடித்து நடத்திவருவதுபோல் கூட்டிவந்தார். இடித்துப்போட்டிருந்த பழைய சந்தைக்குள் கிழவர் நுழைந்தார். பிறகு வெளியே வரவே இல்லை.

"அங்க கேமராக் கம்பத்தைப் பிடுங்கிட்டாங்க," என்று கெங் உச்சுக்கொட்டினார். "இருங்க, வேற வழி இருக்கு. இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போயிருக்கார்னு பாப்போம். இவங்க எல்லாம் பழகின இடத்துக்குத்தான் போவாங்க."

கிழவரின் முகத்தை மட்டும் பெரிதாக்கி ஏதோ அழுத்தினார். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள் விரிந்தன. பூங்காவில் மாமனார். முடிதிருத்தும் கடை வாசலில் மாமனார். ஒருநாள் காலை அவளோடு மாட்டுக்கறி நூடுல்ஸ் கடையில், கிண்ணத்தில் மூக்கு தோய மாமனார். அந்தப் படத்தில் அவள் அவருடைய தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் முகம் இவ்வளவு களைத்துப்போனதா என்று ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல். போன ஞாயிறு. மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு தேபாவ்.

"இவர்…"

"எங்க வீட்டுக்காரர்தான். ஆனா ஞாயித்துக்கிழமை அவர் ஆத்துக்கு மீன் பிடிக்கல்ல போவார்? அப்பாவையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்னார்."

வாய்க்குள்ளிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. கெங் போனை எடுத்து யாரிடமோ அந்தக் கட்டடத்தின் பெயரைச் சொன்னார். அவளுக்கு ஊற்றிக் கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. நான்காம் மாடிப் படிக்கட்டில், பூட்டிய கதவின் முன்னால் கிழவர் உட்கார்ந்திருந்தார். பத்திரம்.

யாச்சின் மேஜையில் தலை வைத்து அழுதாள். கெங் காகிதக் கைக்குட்டையை நகர்த்தினார். அவள் ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, வானிலை பேசுவதுபோலச் சொன்னார்.

"அந்த மாடியில ஞாயித்துக்கிழமை ஜெபம் நடக்குதுக்கா. அரசாங்கத்துல பதிவு பண்ணாத கூட்டம், அனுமதி கிடையாது. நல்லாப் பாடுவாங்களாம்."

அவள் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க பொண்ணு அரசாங்க வேலைக்குப் பரிட்சை எழுதியிருக்கில்ல? பாஸ் ஆனா குடும்பத்தைப் பத்தி விசாரிக்க எங்க கிட்டத்தான் வருவாங்க." கெங் சோயாப் பாலை உறிஞ்சினார். "இதையெல்லாம் நான் எங்கயும் எழுதி வைக்கலை. அப்பாவை அழைச்சிட்டுப் போங்க."

மகள் நிங் பரீட்சை எழுதியதை அவள் சொல்லவே இல்லை.

மாமனாரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவரும் வழியெல்லாம் அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மிரட்டலா அது? மிரட்டுகிற ஆள் காகிதக் கைக்குட்டை தருவானா? அக்கறையா? அக்கறை என்றால் மகளின் பரீட்சையை ஏன் இழுக்க வேண்டும்? அந்தக் கேமரா இல்லையென்றால் கிழவர் ராத்திரிக் குளிரில் விறைத்துப்போயிருப்பார். கையெடுத்துக் கும்பிட வேண்டியதைக் கண்டு பயப்படுகிறோமே என்றும் இருந்தது. இதற்கு நடுவில், கூடப் படுத்தெழுகிற மனிதன் எதையோ நம்ப ஆரம்பித்திருக்கிறான், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற முள் வேறு.

சாயங்காலம் தேபாவ் ஓடிவந்தான். அப்பாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

"எங்க இருந்தார்?"

"பழைய சந்தைப் பக்கம்," என்றாள். அந்தப் பொய்யை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. அதுவாக வந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குள் அவனைக் கூப்பிட்டு, பேச்சு வெளியே கேட்காமலிருக்கப் புகைபோக்கி விசிறியைப் போட்டாள். விசிறி கடகடவென்று இரைந்தது. அவன் வந்து நின்றான். அவளோ வெறும் வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நிங் அம்மா, எண்ணெய் ஊத்தலையே?" என்றான். எண்ணெய் ஊற்றினாள்.

காவல் நிலையத்துக்கு நன்றிக்கொடி கொடுத்தே ஆகவேண்டும் என்று தேபாவ் ஒற்றைக் காலில் நின்றான். சிவப்புப் பட்டு, பொன்னெழுத்து, மஞ்சள் குஞ்சம். 'தொலைந்தவரைத் தேடித் தந்த மக்கள் காவலர்க்கு.' மறுக்க அவளிடம் காரணம் இல்லை. வெள்ளிக்கிழமை மூவரும் புத்தாடை உடுத்திப் போனார்கள். நிலையத்தில் ஒருவர் படம் எடுத்தார். கொடியின் ஒரு முனையைத் தேபாவும் மறு முனையைக் கெங்கும் பிடித்துக்கொள்ள, நடுவில் மாமனார் கல்யாண மாப்பிள்ளைபோலச் சிரித்தார்.

"சரியா எந்த இடத்துல சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான் தேபாவ்.

கெங்கின் பார்வை யாச்சின்மேல் ஒரு விநாடி தங்கியது.

"பழைய சந்தைப் பக்கம்ணே. அக்கா சொல்லியிருப்பாங்களே."

அவள் மாமனாரின் கையைப் பற்றிக்கொண்டாள். தன் பொய்யை எப்படி அவர் அறிந்தார்? கண்ணைப் பார்த்தே ஊகித்தாரா? எதற்காகக் காப்பாற்றினார்? இந்த அறையில் கணவனை விடப் போலீஸ்காரரோடு தான் நெருங்கி நிற்பதுபோல் பட்டது. கூசியது.

"மீனெல்லாம் நல்லா விழுதாண்ணே?" கெங் வாசல்வரை கூடவே வந்தார்.

"மீனா?" தேபாவ் தடுமாறினான். "ஏதோ விழுது சார்."

"ஆத்துல தண்ணி வத்திப்போச்சு. கொஞ்ச நாளைக்குத் தூண்டிலுக்கு ஓய்வு குடுங்க. குளிர் வேற."

தெரு முனை வந்ததும் தேபாவ் நின்றான். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"நான் மீன் பிடிக்கப் போறது அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"வேற என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது? எனக்கு என்ன தெரியும்? நீ எங்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்க, நான் போய்ச் சொல்றதுக்கு?"

குரல் உயர்ந்துவிட்டது. நூடுல்ஸ் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். தேபாவ் அவளைப் பார்த்த பார்வை, ரயிலில் எதிரே வந்து உட்கார்ந்த அந்நியரை அளக்கிற பார்வை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். காட்டிக்கொடுத்தவள் என்று நினைக்கிறானா, காப்பாற்றியவள் என்றா? இரண்டில் தான் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தேபாவ் எங்கும் கிளம்பவில்லை. மேஜையருகே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். போன் இரண்டு முறை நடுங்கி அடங்கியது. அவன் எடுக்கவில்லை. யாச்சின் துவைத்த துணியையே மறுபடி மடித்தாள். உள்ளறைக் கதவு திறந்து மாமனார் வந்தார். நீலக் கோட்டைத் தானே மாட்டியிருந்தார், பொத்தான்கள் ஏறுமாறாக. வாசல் கதவண்டை போய் நின்றுகொண்டு, ஏதோ ஒரு பாட்டின் மெட்டை வார்த்தையில்லாமல் முனகினார்.

"நேரமாச்சு. போலாமா?"

தேபாவ் தலை நிமிரவில்லை. பூண்டு உரிப்பது மட்டும் நின்றது. யாச்சின் எழுந்து மாமனாருக்கு முன்னால் போய் நின்றாள். தப்பாகப் போட்டிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எல்லாம் கழன்ற பிறகு, கோட்டின் இரண்டு ஓரங்களையும் இரு கைகளில் பிடித்தபடி, அதை அவிழ்க்காமலும் மறுபடி பூட்டாமலும் நின்றாள். கிழவர் தாடையை உயர்த்திக்கொண்டு, அவள் முடிப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.