இரண்டாவது டோஸ்

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடனே வரச்சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. ஊரிலுள்ள மூன்று ஆஸ்பத்திரிகளின் துணியைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. காலில் ரப்பர் பூட்ஸ் கிடப்பதைப் பாதி வழியில்தான் கவனித்தான்.

குழந்தை பிறந்ததே அவசரத்தில். மனைவிக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி, இருபத்தேழாவது வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, தொள்ளாயிரம் கிராம். அன்றே மூச்சுக்குழாய் வழியாக வெள்ளையாக ஒரு மருந்து விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் குழந்தைக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் எழுபது சதவீதத்திலிருந்து முப்பதுக்கு இறங்கியது. அந்த எண்ணைத்தான் மாடிக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னான். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவள் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் வாயால் சொன்ன குழந்தைதான்.

இப்போது அவன் வந்து பார்த்தபோது திரையில் ஆக்சிஜன் தொண்ணூறு என்றிருந்தது. குழந்தையின் வாயில் செருகியிருந்த குழாயின் உட்புறம் ரத்தத்தில் சிவந்திருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவே குழி விழுந்தது.

டாக்டரம்மா அவனைச் சுவரோரமாக அழைத்துப்போனார். "காலைல நுரையீரல்ல ரத்தக்கசிவு ஆயிடுச்சு. கசிவு இப்போ குறைஞ்சிருக்கு. ஆனா வேற பிரச்சனை."

"அன்னைக்குக் குடுத்த மருந்து உள்ளதானே இருக்கு?"

"இருக்கு. வேலை செய்யல." ஒரு கணம் யோசித்தார். "நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்னப் பை எல்லாம் மூச்சு விடும்போது ஒட்டிக்காம இருக்க, உள்ள மெலிசா ஒரு படலம் வேணும். அதுதான் அந்த மருந்து. ரத்தம் கசிஞ்சா அதுல இருக்கிற புரதம் எல்லாம் முந்திட்டுப் போய் அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். மருந்துக்கு உக்கார இடம் இருக்காது. பை ஒவ்வொண்ணா சுருங்கிடும்."

அவன் தலையசைத்தான். "ரத்தத் துணிய அலசாம போட்டா எவ்ளோ சோப்பு கொட்டினாலும் நுரை நிக்காது, டாக்டர்."

அவர் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "கிட்டத்தட்ட அதேதான்."

"அலச முடியாதா?"

"இவ்ளோ சின்ன நுரையீரல அலச முடியாது. இன்னொரு டோஸ் குடுக்கப் போறோம். அளவு அதிகமா இருந்தா சில சமயம் புரதத்த ஒதுக்கிட்டு மருந்து இடம் பிடிக்கும். சில சமயம் பிடிக்காது. சாயங்காலத்துக்குள்ள தெரியும்."

வெளியே வராந்தாவில் மனைவியின் தங்கை நின்றிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அழவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா. பிரஷர் இப்பதான் இறங்கியிருக்கு. சாயங்காலம் பாத்துக்கலாம்."

அவனுக்கும் அதுவே சரியென்று பட்டது. பொய்யைப் படிக்கட்டிலேயே தயார் செய்துகொண்டு போனான்.

மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஊசிக்குழல். அதில் மஞ்சளாகச் சீம்பால், அரைக் கரண்டிகூட வராது. "காலைலேர்ந்து பிழிஞ்சு இவ்ளோதான் வந்துச்சு," என்றாள் வெட்கமும் பெருமையுமாக. "கொண்டுபோய்க் குடுங்க. இன்னைக்கு எவ்ளோ?"

"முப்பது," என்றான்.

அவன் வாங்கிக்கொண்டான். குழல் இன்னும் அவள் சூட்டிலேயே இருந்தது. வாசல் வரை போய் நின்றான். சாயங்காலம் என்ன ஆனாலும், முப்பது என்று தான் சொன்னதை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள் என்று தோன்றியது. திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"தொண்ணூறு," என்றான். "ரத்தம் கசிஞ்சிருக்கு. வா, கீழ போலாம்."

அவள் போர்வையை விலக்கி, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு காலைத் தரையில் வைத்தாள். தங்கை ஓடிவந்து, "பைத்தியமா மாமா உங்களுக்கு?" என்றாள். பிறகு அவளேதான் சக்கர நாற்காலி கொண்டுவந்தாள். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு மட்டும் என்று அனுப்பினார்.

கீழே இரண்டாவது டோஸ் போட்டு முடித்திருந்தார்கள். திரையில் எண்பத்தாறு. "இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. ஊசிக்குழலை வாங்கிய சிஸ்டர், பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துக் குழந்தையின் கன்னத்து உட்புறம் தடவினார்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து குழந்தையை வைத்திருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குழந்தையின் நெஞ்சில் குழி விழும்போதெல்லாம் அவள் தோள்கள் மேலேறி நின்றுவிடுவதைப் பின்னாலிருந்து அவன் பார்த்தான்.

"அம்மா," என்றார் சிஸ்டர், கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே. "நீங்க மூச்சு விடுங்க."

அவள் விட்டாள். பெட்டியின் கண்ணாடிச் சுவரில் வட்டமாக ஆவி படிந்தது. அதற்குள் குழந்தை மறைந்துவிடுமோ என்பதுபோல் அவள் அவசரமாக உள்ளங்கையால் துடைத்தாள்.